கிட்டாரின் அலங்காரமும் அதன் ஒலியும்

இசைக்கருவிகள் விற்கும் கடையொன்றில் இரண்டு கிட்டார்கள் அருகருகே வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அளவிலும் அமைப்பிலும் இரண்டும் ஒன்றே. ஒன்றின் விளிம்பில் கறுப்பு நிறப் பட்டை ஒன்று மட்டும் ஓடுகிறது. மற்றதன் விளிம்பு நெடுகிலும், ஒலித்துளையைச் சுற்றியும், விரற்பலகையின் மீதும் சிப்பித் துண்டுகள் பதிக்கப்பட்டு ஒளிர்கின்றன. இரண்டாவதன் விலை முதலாவதன் விலையைப்போல் பல மடங்காகவும் இருக்கலாம். பள்ளிக்கு ஒரு கருவி வாங்க வந்த ஆசிரியரின் உள்ளத்தில் அப்போது இயல்பாகவே ஒரு கேள்வி எழுகிறது: கூடுதலாகக் கொடுக்கும் பணம் கண்ணுக்கு மட்டுமா, அல்லது காதுக்கும் சேர்த்தா?

இக்கேள்விக்கு இசைவாணரிடையே மூன்று விடைகள் வழங்கி வருகின்றன. அலங்காரம் மிகுந்த கருவியே இனிய ஒலி தரும் என்பது ஒன்று. சிப்பியும் பட்டையும் பலகையை இறுக்கி ஒலியை அடக்கிவிடும் என்பது மற்றொன்று. அலங்காரத்துக்கும் ஒலிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பது மூன்றாவது. இவை மூன்றும் முற்றிலும் சரியல்ல. ஓர் அலங்காரம் ஒலியை மாற்றுமா என்பது அதன் அழகையோ விலையையோ பொறுத்ததன்று. அது கருவியின் எந்த இடத்தில் அமைந்துள்ளது என்பதையே பெரிதும் பொறுத்தது. இந்த ஒரு விதியைத் தெளிவாக உணர்ந்துகொண்டால், எந்தக் கருவியைக் கண்டாலும் அதன் அலங்காரத்தைப் பற்றி ஏறக்குறையச் சரியான முடிவுக்கு வந்துவிடலாம்.

ஒலி பிறக்கும் முறை

கிட்டாரின் ஆறு தந்திகளும் வழக்கமான முறையில் சுருதி கூட்டப்பட்டால், மிகத் தடித்த தந்தி விநாடிக்கு சுமார் 82 முறையும், மிக மெல்லிய தந்தி சுமார் 330 முறையும் அதிர்கின்றன. ஆயினும் தந்தி மிக மெல்லியதாதலின், அது தானாகக் காற்றை அசைத்து எழுப்பும் ஒலி மிகச் சொற்பமே. தந்தியின் அதிர்வு குதிரையின் வழியாக மேற்பலகைக்குச் செல்கிறது. பரந்த அம்மேற்பலகையே காற்றைத் தள்ளியும் இழுத்தும் நம் காதுக்கு எட்டும் ஒலியை உண்டாக்குகிறது.

மேற்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தால் ஆனது. அதன் கனம் ஏறக்குறைய 2.5 முதல் 3 மில்லிமீட்டர் வரையே இருக்கும். இத்துணை மெல்லிய பலகை தந்திகளின் இழுவிசையைத் தாங்கும்பொருட்டு அதன் உட்புறத்தில் மரச்சட்டங்கள் ஒட்டப்படுகின்றன. எஃகுத் தந்திகள் பூட்டிய கிட்டாரில் இவ்விழுவிசை சுமார் 70 கிலோகிராம் எடைக்குச் சமமாகும். பலகையின் கனம், அதன் எடை, உட்சட்டங்களின் அமைப்பு, பெட்டியினுள் அடங்கிய காற்று ஆகியவையே கருவியின் குரலைத் தீர்மானிக்கின்றன. பெட்டிக் காற்று ஒலித்துளையின் வழியாக உள்ளும் புறமும் சென்றுவருவதால் விநாடிக்கு 100 அதிர்வுகளை ஒட்டி ஓர் ஒத்ததிர்வு உண்டாகிறது. மேற்பலகையின் முதன்மையான ஒத்ததிர்வு 200 அதிர்வுகளை ஒட்டி அமைகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். சுருதியைத் தீர்மானிப்பது தந்தி. அச்சுருதியுடன் சேர்ந்து எழும் மேற்சுரங்களில் எவை ஓங்கி ஒலிக்கும், எவை அடங்கி ஒலிக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெட்டி. ஆகவே அலங்காரம் ஒலியைப் பாதிக்குமானால், அது பெட்டியின் ஒத்ததிர்வுகளை மாற்றுவதன் மூலமே பாதிக்க இயலும்.

அசையும் இடமும் அசையா இடமும்

எர்ன்ஸ்ட் கிளாட்னி என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி 1787ஆம் ஆண்டில் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். உலோகத் தகடொன்றின் மீது மெல்லிய மணலைத் தூவி, அதன் விளிம்பை வயலின் வில்லால் தேய்த்தார். தகடு ஒலித்தபோது, அதிகமாக அசைந்த பகுதிகளிலிருந்து மணல் துள்ளி விலகி, அசையாத கோடுகளின் மீது குவிந்து அழகிய உருவங்களாக நின்றது. ஒரு பலகை ஒலிக்கும்போது அதன் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் அசைவதில்லை என்ற உண்மை இதனால் கண்கூடாயிற்று.

கிட்டாரின் மேற்பலகையும் இத்தகையதே. அதன் விளிம்பு பக்கப்பலகையுடனும், உட்புறத்தில் சுற்றிலும் ஓடும் மர உட்பட்டியுடனும் பசையால் இணைக்கப்பட்டுள்ளது. எனவே விளிம்பு ஏறக்குறைய அசைவற்று நிற்கிறது. குதிரை அமைந்துள்ள நடுப்பகுதியோ மிகுதியாக அசைகிறது. முரசின் தோல் விளிம்பில் இறுகப் பிடிக்கப்பட்டு நடுவில் துடிப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

அசையும் பொருளின் மீது எடையைச் சேர்த்தால் அதன் அதிர்வெண் குறையும் என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் எவ்வளவு குறையும்? ஒலியியலைக் கணித முறையில் ஒழுங்குபடுத்திய ராலே பிரபு 1877ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய நூலில் விளக்கிய முறைப்படி, இதனை ஆற்றலைக் கொண்டு கணிக்கலாம். சேர்க்கப்படும் எடையின் விளைவு, அவ்விடத்தின் அசைவு அளவின் இருமடிக்கு ஏற்ப அமைகிறது. ஓரிடம் நடுப்பகுதியின் அசைவில் பத்தில் ஒரு பங்கே அசையுமாயின், அங்கு வைக்கப்படும் எடையின் விளைவு பத்தில் ஒன்றன்று. நூற்றில் ஒன்றே ஆகும்.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். பெரிய கிட்டார் ஒன்றின் மேற்பலகை விளிம்பின் சுற்றளவு சுமார் ஒன்றரை மீட்டர். அதனைச் சுற்றி ஒன்றரை மில்லிமீட்டர் அகலமும் அதே ஆழமும் உள்ள சிப்பிப் பட்டை பதிக்கப்படுவதாகக் கொள்வோம். வெட்டி நீக்கப்பட்ட மரத்தின் எடையைக் கழித்தால், கூடுதலாகச் சேரும் எடை ஏறக்குறைய எட்டு கிராம் ஆகும். அதிர்வில் உண்மையாகப் பங்கு கொள்ளும் மேற்பலகைப் பகுதியின் எடை 100 கிராம் என்றும், ஒத்ததிர்வு 200 என்றும், விளிம்பின் அசைவு நடுப்பகுதியின் அசைவில் பத்தில் ஒன்று என்றும் வைத்துக்கொண்டால், அந்த எட்டு கிராமும் நடுவில் வைத்த 0.08 கிராமுக்கே சமமாகும். அதனால் ஒத்ததிர்வு விநாடிக்கு ஓர் அதிர்வில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தாழும். அம்மாறுதலை எந்தக் காதும் உணராது.

அதே எட்டு கிராமைக் குதிரையின் மீது வைத்தால் விளைவு முற்றிலும் வேறு. ஒத்ததிர்வு 200இலிருந்து ஏறக்குறைய 192ஆகத் தாழ்ந்துவிடும். கூர்ந்து கேட்பவர் இம்மாறுதலை உணரக்கூடும்.

குதிரையின் மீது எடையை ஏற்றி ஒலியை மாற்றும் கருவி வயலின் வாசிப்போரிடம் நெடுங்காலமாகவே உள்ளது. மியூட் எனப்படும் அச்சிறு கவ்வியைக் குதிரையில் பொருத்தியவுடன் வயலினின் ஒலி மங்கி மென்மையாகிறது. சர் சி. வி. ராமன் கல்கத்தாவில் வயலினை ஆராய்ந்து வந்த நாட்களில், மியூட் ஒலியை மாற்றும் விதம் குறித்து 1917ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் எழுதியுள்ளார். சில கிராம் எடை ஒரு கருவியின் குரலையே மாற்றிவிடுகிறது; ஆனால் அது வைக்கப்பட்ட இடம் குதிரை என்பதை மறக்கலாகாது.

அலங்காரங்கள் ஒவ்வொன்றாக

இனி, கிட்டாரில் காணப்படும் அலங்காரங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

விளிம்புப் பட்டையும் அதனையொட்டி ஓடும் மெல்லிய வரிகளும் முதலாவது வகை. இவற்றைப் பதிப்பதற்காக விளிம்பில் ஒரு பள்ளம் வெட்டப்படுகிறது. பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது. கனம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். எனவே, பள்ளம் வெட்டினால் விளிம்பு தளர்ந்துவிடாதா என்று ஐயுறுவது இயல்பே. ஆயினும் பட்டையும் வரியும் சேர்ந்து வழக்கமாகச் சில மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. பக்கப்பலகையும் உட்பட்டியும் சேர்ந்து மேற்பலகையைத் தாங்கும் அகலம் அதைவிடப் பெரிது. ஆதலின் பள்ளம் முழுவதும் தாங்கப்பட்ட பகுதிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதிரும் பகுதியை அது தொடுவதில்லை. பட்டை சரியாக ஒட்டப்படாமல் பிரிந்து நின்றால் மட்டும் கரகரப்பு எழக்கூடும். அது அலங்காரத்தின் குற்றமன்று, வேலைப்பாட்டின் குற்றமேயாகும்.

ஒலித்துளையைச் சுற்றி மேற்பலகையில் பதிக்கப்படும் வளைய வேலைப்பாடு இரண்டாவது வகை. இதற்கான பள்ளம் பலகையின் பாதி ஆழம் வரை செல்வதுண்டு. அப்பகுதி தாங்கப்பட்ட விளிம்பும் அன்று. எனினும், துளையை ஒட்டிய பகுதி உட்சட்டங்களால் வலுவூட்டப்பட்டிருப்பதாலும், குதிரையிலிருந்து விலகியிருப்பதாலும், பள்ளத்தில் பதித்த துண்டுகள் இழந்த விறைப்பில் ஒரு பகுதியை மீட்டுத் தருவதாலும், இதன் விளைவு சிறிதாகவே அமைகிறது. பல கைவினைஞர்கள் வளையத்தின் அடியில் மெல்லிய மரத்துண்டுகளை ஒட்டி அவ்விடத்தை மேலும் உறுதிப்படுத்துகின்றனர்.

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கிட்டார்களில் காணப்பட்ட மற்றொரு வேலைப்பாட்டை இதனுடன் குழப்பிக்கொள்ளலாகாது. அக்கருவிகளின் ஒலித்துளைக்குள்ளேயே தோல்தாளால் சல்லடைபோல் செதுக்கிய பூவேலை பொருத்தப்பட்டிருந்தது. இது துளையின் திறப்பைக் குறைப்பதால் காற்றின் ஒத்ததிர்வைத் தாழ்த்தி, கருவியின் கீழ்ச்சுரங்களின் தன்மையை மாற்றுகிறது. ஒலியை உண்மையாகவே மாற்றும் அலங்காரங்களுள் இது ஒன்று.

குதிரையின் மீதும் அதன் இரு பக்கங்களிலும் பதிக்கப்படும் வேலைப்பாடு மூன்றாவது வகை. மிகுதியாக அசையும் இடத்தில் அமைவதால் இங்கு ஒவ்வொரு கிராமும் கணக்கிற்குரியது. ஆகவேதான் தேர்ந்த கைவினைஞர்கள் குதிரையின் எடையைக் கூடியவரை குறைக்க முயல்கின்றனர்.

நான்காவது, நகமும் மீட்டுகோலும் பலகையைக் கீறாமல் தடுக்க ஒட்டப்படும் தகடு. இது பாதுகாப்புக்காக அமைந்ததாயினும் ஆமை ஓட்டின் நிறச்சாயலுடன் அலங்காரமாகவும் விளங்குகிறது. இதன் எடை சுமார் பத்து கிராமை எட்டலாம். மேலும் அது அதிரும் பகுதியின் ஓரத்தில் நேரடியாக ஒட்டப்படுகிறது. எனவே விளிம்புப் பட்டையைவிட இதன் விளைவு கூடுதல். எனினும் குதிரையின் மீதுள்ள எடையின் விளைவைவிடக் குறைவே. இதனால் நேரும் உண்மையான தீங்கு வேறு. பழைய கிட்டார்கள் பலவற்றில் செல்லுலாய்ட் தகடு வார்னீஷ் பூசாத மரத்தின் மீதே ஒட்டப்பட்டிருந்தது. காலப்போக்கில் செல்லுலாய்ட் சுருங்கவே, அதனுடன் இழுக்கப்பட்ட மேற்பலகை இழையோட்டத்தின் வழியே பிளந்துவிட்டது.

விரற்பலகையிலும் தலைப்பகுதியிலும் பதித்த சிப்பிகள் ஐந்தாவது வகை. இவை மேற்பலகையின் அதிரும் பகுதிக்கு வெளியே, தடித்த மரத்தின் மீது அமைந்தவை. மெட்டுகள் சரியாகப் பொருத்தப்பட்டிருக்கும் வரை இச்சிப்பிகளால் ஒலிக்கு நன்மையுமில்லை, தீமையுமில்லை எனலாம்.

அலங்காரம் என்று எவரும் எண்ணாத ஒன்று ஆறாவதாக உள்ளது. அதுவே வார்னீஷ் அல்லது லாக்கர் பூச்சு. அது பலகை முழுவதையும் மூடுகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள பூச்சும், பெரிய கிட்டாரின் மேற்பலகையில் ஏறக்குறைய 17 கிராம் எடையைச் சேர்த்துவிடும். இது பலகையின் சொந்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அன்றியும், தடித்த பூச்சு அதிர்வை விரைவில் தணிக்கும் இயல்புடையது. கண்ணைப் பறிக்கும் சிப்பி விளிம்பைப் பற்றி வாதிடுவோர், கண்ணாடிபோல் பளபளக்கும் கனத்த பூச்சைக் கவனியாது விட்டுவிடுவதுண்டு. ஒலியைப் பொறுத்தவரை, பூச்சின் கனமே சிப்பியைவிட முக்கியமானது.

மீன்முள் வரியின் வரலாறு

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, அலங்காரமே ஒலியைத் தருகிறது என்ற நம்பிக்கை எங்ஙனம் எழுந்தது? அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வரலாறு இதற்கு விடை தருகிறது.

பென்சில்வேனியா மாநிலத்தில் நாசரேத் நகரிலுள்ள மார்ட்டின் நிறுவனம் 1833ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் டி-28 என்னும் கிட்டாரின் மேற்பலகை விளிம்பில், மீன்முள்ளைப் போன்று சாய்ந்த கோடுகளாலான மரவரி ஒன்று பதிக்கப்பட்டு வந்தது. அவ்வரி ஜெர்மனியிலிருந்து தருவிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின் விளைவாக அதன் வரவு நின்று, கையிருப்பும் தீர்ந்தபின், 1947ஆம் ஆண்டு முதல் மீன்முள் வரி கைவிடப்பட்டு எளிய வரிகள் பதிக்கப்பட்டன.

பின்னாளில் இசைவாணர்கள் பழைய கிட்டார்களைப் புதியவற்றுடன் ஒப்பிட்டபோது, மீன்முள் வரியுள்ள கருவிகள் கூடுதல் முழக்கத்துடன் ஒலிப்பதாகக் கண்டனர். அவ்வரியுள்ள கருவிகளைத் தேடித்தேடி வாங்கினர், விலையும் ஏறிற்று. வரியே ஒலியின் அடையாளம் என்றாகிவிட்டது.

ஆனால் அதே காலத்தில் கண்ணுக்குப் புலப்படாத வேறு மாறுதல்களும் பெட்டியினுள் நிகழ்ந்திருந்தன. 1944ஆம் ஆண்டின் இறுதி வரை உட்சட்டங்கள் இடையிடையே குழிவாகச் செதுக்கப்பட்டு எடை குறைக்கப்பட்டிருந்தன. வாசிப்போர் தடித்த தந்திகளைப் பூட்டியதால் மேற்பலகைகள் புடைக்கவே, நிறுவனம் அச்செதுக்கலைக் கைவிட்டுச் சட்டங்களை வலுவாக்கியது. மேற்பலகைக்குரிய ஸ்புரூஸ் இனமும் 1940களின் நடுப்பகுதியில் மாறியது. விறைப்பும் எடையும் கூடிய மேற்பலகையின் ஒலி வேறுபடுவதில் வியப்பில்லை. ஆகவே, ஒலி மாறியதற்குக் காரணம் உள்ளே நிகழ்ந்தது. மக்கள் கண்டதோ வெளியே இருந்த வரியை.

இதனைச் சரிபார்க்க விஞ்ஞான முறை கூறும் வழி யாது? இரண்டு காரணங்கள் சேர்ந்தே வரும்போது, அவை பிரிந்து நிற்கும் இடத்தைத் தேட வேண்டும். இங்கு அத்தகைய இடங்கள் இரண்டு உள்ளன. 1944இன் இறுதிக்கும் 1947க்கும் இடையே செய்யப்பட்ட டி-28 கருவிகளில் மீன்முள் வரி உண்டு. செதுக்கிய சட்டங்கள் இல்லை. அதற்கு முன் செய்யப்பட்ட டி-18 கருவிகளில் செதுக்கிய சட்டங்கள் உண்டு; மீன்முள் வரி இல்லை. முழக்கத்துக்காகப் போற்றப்படுபவற்றுள் எளிய விளிம்புள்ள அந்த டி-18 கருவிகளும் அடங்கும். 1976ஆம் ஆண்டில் அந்நிறுவனம் எச்.டி-28 என்னும் கருவியை வெளியிட்டபோது மீன்முள் வரியை மட்டும் திரும்பக் கொண்டுவரவில்லை. செதுக்கிய சட்டங்களையும் சேர்த்தே கொண்டுவந்தது.

சேர்ந்து காணப்படும் இரண்டனுள் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று துணிந்துவிடுவது எளிது. வயலில் பணிபுரியும் அலுவலரும் வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியரும் இப்பிழையை அன்றாடம் சந்திக்கின்றனர். புதிய உரம் இட்ட ஆண்டில் மழையும் நன்றாகப் பெய்திருந்தால், விளைச்சலுக்கு உரம் மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாதன்றோ? கிட்டாரின் வரியும் அத்தகையதே.

கண்ணும் காதும்

ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவில் பிறந்த அந்தோனியோ டி டோரஸ் (1817–1892) இன்றைய கிளாசிகல் கிட்டாரின் வடிவத்தை நிலைநாட்டிய கைவினைஞர். அலங்காரம் மிக்க கருவிகளைச் செய்வதில் அவர் வல்லவர். 1858ஆம் ஆண்டில் செவில் நகரக் கண்காட்சியில் பதக்கமும் பெற்றார். ஆயினும் 1862ஆம் ஆண்டில் அவர் செய்த ஒரு கிட்டார் விஞ்ஞான நோக்கில் அதனினும் சிறந்தது. அதன் மேற்பலகையை ஸ்புரூஸ் மரத்தாலும், பின்புறத்தையும் பக்கங்களையும் வெறும் காகித அட்டையாலும் அவர் அமைத்தார். கிட்டாரின் ஒலிக்கு முதற்காரணம் மேற்பலகையே என்பதை நிறுவுவதே அவர் கருத்து. அக்கருவி இன்று பார்சலோனா நகர இசை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்குப் பின், இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் மற்ற அறிஞர்களுடன் சேர்ந்து இதனையொத்த சோதனையொன்றை நடத்தினர். அதன் முடிவுகள் 2018இல் வெளிவந்தன. பின்பலகையின் மரம் தவிர மற்றவற்றில் கூடியவரை ஒன்றாகவே செய்யப்பட்ட ஆறு கிட்டார்களை 52 பேர் வாசித்து மதிப்பிட்டனர். விலையுயர்ந்த பிரேசில் ஈட்டி மரமும், இந்திய ஈட்டி மரமும், மலிவான வேறு மரங்களும் அவற்றில் இருந்தன. மங்கிய ஒளியில், கருவியைக் கண்டறிய இயலாதவாறு இருண்ட கண்ணாடி அணிவித்து வாசிக்கச் செய்தபோது, மரத்தின் விலைக்கும் வாசித்தோர் அளித்த மதிப்புக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. முழுப் பின்பலகையின் மரமே காதுக்கு எளிதில் புலப்படாதபோது, விளிம்பிலுள்ள சில மில்லிமீட்டர் சிப்பி புலப்படும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

எனினும், அழகிய கருவியின் ஒலி இனிது என்று கூறுபவர் பொய் கூறுவதாகக் கொள்ளலாகாது. கண்ட காட்சியும் அறிந்த விலையும் கேட்கும் ஒலியைப் பற்றிய மதிப்பீட்டை மாற்றுவது மனித இயல்பு. ஆதலினாலேயே இத்தகைய சோதனைகளில் கண்ணை மறைப்பது இன்றியமையாததாகிறது.

அலங்காரத்தின் பயனும் விலையும்

விளிம்புப் பட்டை ஒலியை மாற்றுவதில்லை என்பதால் அது பயனற்றதாகிவிடாது. மரத்தின் வெட்டுமுனை, அதன் பரப்பைக் காட்டிலும் மிக விரைவாக ஈரத்தை உறிஞ்சவும் இழக்கவும் செய்கிறது. பட்டை அவ்வெட்டுமுனையை மூடுகிறது. மூலைகள் இடிபடும்போது அடியைத் தான் ஏற்றுக்கொள்கிறது. சேதமுற்றால் அதனை மட்டும் மாற்றிவிடலாம். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றிலும் உள்நாட்டு வறண்ட கோடையிலும் மாறிமாறி வைக்கப்படும் கருவிக்கு இப்பாதுகாப்பு சிறிதன்று. பல ஆண்டுகள் பிளவுறாமல் நிற்கும் பலகையே நல்ல ஒலியைத் தொடர்ந்து தரும். அவ்வகையில் பட்டை ஒலிக்கு மறைமுகமாக உதவுகிறது.

அலங்காரத்துக்காகக் கொடுக்கப்பட்ட விலை பணம் மட்டுமன்று. முன்னாளில் விளிம்புக்கு யானைத் தந்தமும், தகட்டுக்கு அழுங்காமையின் ஓடும் பயன்பட்டன. இவ்வுயிரினங்கள் அருகியதால் இவற்றின் பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டது. இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இலும் 1991இலும் செய்யப்பட்ட திருத்தங்கள் தந்த வணிகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தன. நம் நாட்டு வீணைகளிலும் முன்பு தந்தம் இழைத்த இடத்தில் இன்று பிளாஸ்டிக் காணப்படுகிறது. விளிம்பில் தந்தத்துக்குப் பதில் பிளாஸ்டிக் அமைந்தால் ஒலி கெடும் என்று அஞ்ச வேண்டியதில்லை என்பதை மேலே கண்ட கணக்கே காட்டும்.

மரத்துக்கும் இது பொருந்தும். மார்ட்டின் நிறுவனம் 1969ஆம் ஆண்டு வரை பிரேசில் ஈட்டி மரத்தைப் பயன்படுத்தி, அதன்பின் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் இந்திய ஈட்டி மரத்துக்கு மாறியது. பிரேசில் ஈட்டியின் பன்னாட்டு வணிகம் 1992இல் தடை செய்யப்பட்டது. 2017 ஜனவரியில் ஈட்டி இனங்கள் அனைத்தும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தன. செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில் விலக்கு அளிக்கப்பட்டது. பிரேசில் ஈட்டிக்கு அவ்விலக்கு இல்லை. காதால் பிரித்தறிய இயலாத ஒன்றுக்காகக் காடு அழிய வேண்டுமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வகுப்பறையில் செய்யத்தக்க சோதனைகள்

முதற்சோதனைக்கு ஓர் உலோக அளவுகோலும் சிறிது களிமண்ணும் போதும். அளவுகோலின் ஒரு முனையை மேசை விளிம்பில் இறுக அழுத்தி, மறுமுனையைத் தட்டி அதிரச் செய்க. களிமண் உருண்டையை அசையும் முனையில் ஒட்டினால் அதிர்வு மெதுவாவது கண்ணுக்கே தெரியும். அதே உருண்டையை மேசையை ஒட்டிய இடத்தில் வைத்தால் மாறுதல் ஏதும் தெரியாது. எடை ஒன்றே, இடமே வேறு.

இரண்டாவது சோதனைக்கு ஒரே அதிர்வெண்ணுள்ள இரண்டு இசைக்கவைகள் தேவை. ஒன்றன் புயத்தின் நுனியில் சிறிது மெழுகை ஒட்டி இரண்டையும் ஒருங்கே ஒலிக்கச் செய்தால் விம்மல்கள் கேட்கும். மெழுகைப் படிப்படியாகக் காம்பை நோக்கி நகர்த்தினால் விம்மல்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும்.

மூன்றாவது, கிட்டாரிலேயே செய்யத்தக்கது. தந்திகளைக் கையால் அமர்த்திக்கொண்டு, குதிரையின் அருகே விரலால் மெல்லத் தட்டி எழும் ஓசையைக் கேட்க வேண்டும். பின், ஓர் அட்டையால் ஒலித்துளையின் பாதியை மூடித் தட்டினால் ஓசை தாழ்ந்திருப்பதை உணரலாம். அட்டையை விளிம்பின் மேல் வைத்துத் தட்டினால் அத்தகைய மாறுதல் தோன்றாது.

கருவி வாங்குவோர்க்கு

பள்ளிக்கோ மன்றத்துக்கோ கிட்டார் வாங்கும் பொறுப்புடையோர், கூடுதல் பணம் இருக்குமாயின் அதனை விளிம்பில் செலவிடாமல் மேற்பலகையில் செலவிடுவதே முறை. மேற்பலகை ஒரே மரத்தால் ஆனதா, ஒட்டுப்பலகையா என்று முதலில் காண வேண்டும். வெளிவிளிம்பைப் பட்டை மறைத்திருக்கும். ஆகவே ஒலித்துளையின் உள்விளிம்பை நோக்குக. மேற்புற இழைகள் பலகையின் கனத்தினூடே தொடர்ந்து சென்றால் அது முழுமரம். இடையில் வேறு அடுக்குகள் தென்பட்டால் ஒட்டுப்பலகை. அடுத்து, பூச்சு மிகக் கனமாக இல்லாதிருத்தல், குதிரை பலகையை விட்டுப் பிரியாதிருத்தல், எல்லா மெட்டுகளிலும் சுருதி பிசகாதிருத்தல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இறுதியாக, வாங்குபவர் கடைக்காரருக்கு முதுகைக் காட்டி நின்று, எந்தக் கருவி ஒலிக்கிறது என்று அறியாமல் கேட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இவையெல்லாம் நிறைவாக அமைந்தபின், சிப்பி விளிம்பு ஒருவர் கண்ணுக்கு இனிதாயின், அதனை வாங்குவதில் தவறில்லை. நுண்ணிய வேலைப்பாடு கைவினைஞரின் திறமைக்குச் சான்று. அதற்குரிய விலையும் நியாயமானதே. ஆனால் அவ்விலை கைவினைக்கு உரியது, ஒலிக்கு உரியதன்று என்பதை வாங்குபவர் அறிந்தே கொடுக்க வேண்டும்.